பெட்டியில் 192, கோப்பில் 48: ஒலிக் கருவிகளும் டிரைவர் மென்பொருளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மந்தைவெளியில் சிறிய ஒலிப்பதிவு அறை ஒன்றை நடத்திவருகிறேன். மார்கழிக் கச்சேரிப் பதிவுகளைச் சீர்செய்து கொடுப்பதும், வீட்டுப் பரண்களில் கிடக்கும் பழைய கேசட்டுகளையும் ஸ்பூல் நாடாக்களையும் கணினிக்கு மாற்றித் தருவதும் என் அன்றாட வேலை. கடந்த சில ஆண்டுகளாக ரிச்சி தெருக் கடைகளிலும் இணையவழிக் கடைகளிலும் 192 கிலோஹெர்ட்ஸ், 384 கிலோஹெர்ட்ஸ் என்று, ஒலியை விநாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கும் என்பதைக் குறிக்கும் எண்களைப் பெரிதாக அச்சிட்டு, மைக்கையோ கேசட் பிளேயரையோ கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி ஒலிக் கருவிகள் விற்கப்படுகின்றன. அந்த எண் எந்தக் கணினியில், எந்த இணைப்பில், கருவியைக் கணினியோடு பேசவைக்கும் எந்த டிரைவர் மென்பொருளுடன் மெய்யாகும் என்பது நான் பார்த்த பெட்டிகள் பலவற்றில் எழுதப்பட்டிருக்கவில்லை. இதனால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பைக் கண்ணால் பார்த்த பிறகு, பேசாமல் இருக்க மனம் ஒப்பாததால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற தை மாதம் மேற்கு மாம்பலத்திலிருந்து ஓர் அம்மையார் ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். அவருடைய தாயார் பாட்டு ஆசிரியையாக இருந்தவர். 1980களில் கோயில் உற்சவங்களிலும் சிறு சபாக்களிலும் அவர் பாடியதை வீட்டார் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரு மணி நேரக் கேசட்டுகள், மொத்தம் நாற்பத்தொன்று. அவற்றை நகரத்திலுள்ள ஒரு நிறுவனத்திடம் கொடுத்து, 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் (ஒவ்வோர் அளவின் நுணுக்கத்தைக் குறிக்கும் எண்) தரத்தில் கோப்புகளாக மாற்றி வாங்கியிருக்கிறார். தரம் உயர்ந்தால் கட்டணமும் உயரும் என்று சொல்லி, சாதாரணப் பதிவுக்கு ஆவதைப்போல் இருமடங்கு வாங்கியிருக்கிறார்கள். "அம்மா குரல் இதுக்கு மேல நல்லா வராதுன்னு சொன்னாங்க, அதனாலதான் கொடுத்தேன்" என்றார். நாடா இரைச்சலைக் கொஞ்சம் குறைத்துத் தர முடியுமா என்பது மட்டுமே அவர் என்னிடம் கேட்டது.

எந்தப் பதிவில் கை வைப்பதற்கு முன்பும் அதை, எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்வரை ஒலி இருக்கிறது என்று காட்டும் அதிர்வெண் வரைபடமாக விரித்துப் பார்ப்பது என் வழக்கம். 192 கிலோஹெர்ட்ஸில் பதிவான கோப்பு என்றால் அந்தப் படம் அதில் பாதியான 96 கிலோஹெர்ட்ஸ் வரை உயரும். கேசட்டில் பதிந்த பாட்டு 15 கிலோஹெர்ட்ஸைத் தாண்டுவது அரிது என்றாலும், அதற்கு மேலே கேசட் பிளேயரும் பதிவுக் கருவியும் எழுப்பும் மெல்லிய இரைச்சல் பனிமூட்டம்போல் உச்சிவரை பரவியிருக்கும்; எந்த மின்சுற்றும் முழு மௌனமாக இருப்பதில்லை. இந்தக் கோப்புகளில் அந்த மூட்டம் 24 கிலோஹெர்ட்ஸ் கோட்டை நெருங்கியதும் கத்தியால் அறுத்ததுபோல் நின்றது. அதற்கு மேல் முக்கால் பங்குப் படமும் வெறும் கறுப்பு. நாற்பத்தொரு கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், ஒன்றுகூட விலக்கில்லை. அப்படியென்றால் ஒலி பிடிக்கப்பட்டது அதன் இருமடங்கான 48 கிலோஹெர்ட்ஸில். பிறகு கணினி அதை நான்கு மடங்காகப் பெருக்கி எழுதியிருக்கிறது.

அது பண இழப்பு மட்டும் என்றால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். மூன்றாவது கேசட்டில் ஒரு ராக ஆலாபனையின் நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒலி அலை செங்குத்தாக வெட்டுப்பட்டு, சில மில்லிவிநாடிகள் தள்ளி வேறோர் இடத்திலிருந்து தொடர்ந்தது. நாடா தேய்ந்திருந்தால் ஒலி மங்கி மறைந்து மீண்டும் தெளியும். இப்படிச் செங்குத்தாக அறுபடாது. கணினிக்கு வரும் வழியில்தான் அந்தத் துண்டு தொலைந்திருக்கிறது. நாற்பத்தொரு கேசட்டுகளில் இத்தகைய வெட்டுகளைப் பத்தொன்பது இடங்களில் கண்டேன். மூல நாடாவைக் கொண்டுவந்தால் மீண்டும் பதிந்து தருகிறேன் என்றேன். கோப்பு கைக்கு வந்துவிட்டதே என்று, பூஞ்சை பிடித்த கேசட்டுகளை வீடு மாறும்போது காயலான் கடைக்குப் போட்டுவிட்டதாக அவர் சொன்னார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்த நிறுவனத்தார் மனமறிந்து ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுடைய கருவி 192 கிலோஹெர்ட்ஸை எட்டக்கூடியதாகவே இருந்திருக்கலாம்; பதிவு மென்பொருளிலும் அந்த எண்ணையே தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆனால் விண்டோஸில், பல மென்பொருள்கள் ஒரே ஒலிக் கருவியைப் பகிர்ந்துகொள்வதற்காக நடுவில் ஒரு பொது அடுக்கு உண்டு. அந்த அடுக்கு 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைந்திருந்தால், கருவியை அந்த அளவில்தான் இயக்கும். மேலே உள்ள மென்பொருள் 192 கேட்டால், இருப்பதைப் பெருக்கி 192 ஆக்கிக் கொடுத்துவிடும். திரையில் 192 என்றே தெரியும், எந்த எச்சரிக்கையும் வராது. இந்த அடுக்கைத் தவிர்த்துக் கருவியோடு நேரே பேசுவதற்குத்தான் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஏசியோ முறையும், விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்த வாசாபி தனியுரிமை முறையும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுக்காமல் பதிவு செய்பவருக்கு, பெட்டியில் அச்சிட்ட எண் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இந்தத் துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். ஒலி அலையை ஒரு விநாடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக எழுதுகிறோம் என்பதே சாம்பிள் ரேட். சிடியில் அது 44,100 முறை; ஒவ்வோர் அளவும் 16 பிட். 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு சேனல் என்றால் விநாடிக்கு 92,16,000 பிட்டுகள். ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 4.1 ஜிபி. இதையே 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் ஒரு ஜிபி சொச்சம்தான் ஆகும். அந்த அம்மையாரின் டிஸ்க்கில் 170 ஜிபி நிறைந்திருந்தது. அதில் முக்கால் பங்கு எதையும் தாங்காத வெற்று எண்கள்.

இவ்வளவு எண்களும் ஒரு யுஎஸ்பி வயர் வழியாகத் தடையில்லாமல் வர வேண்டும். ஒலிக் கருவிகளுக்கென்று யுஎஸ்பியில் வகுத்த முதல் பொதுவிதி 1998இல் வந்தது. அது பெரும்பாலும் இயங்குவது விநாடிக்கு 12 மெகாபிட் வேகத்தில். அந்த வேகத்தில் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை ஒரு தரவுப் பொதி புறப்படும். நம் மாநகரப் பேருந்துபோல் அதற்கும் இருக்கைக் கணக்கு உண்டு, அதிகபட்சம் 1,023 பைட்டுகள். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு சேனல் என்றால் பொதிக்கு 576 பைட். தாராளமாக இடம் இருக்கிறது. 192 என்றால் 1,152 பைட், ஏறவே முடியாது. ஆகவே 12 மெகாபிட் வேகத்தில் இந்தப் பழைய விதியை மட்டும் பின்பற்றும் ஒரு கருவியின் பெட்டியில் 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று எழுதியிருந்தால், அது பொய் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 480 மெகாபிட் வேகத்தைப் பயன்படுத்தும் இரண்டாம் விதி 2006இல் வந்த பிறகே பொதுவிதிப்படி பொதிகள் விநாடிக்கு எட்டாயிரம் முறை புறப்பட்டன, உயர்ந்த எண்களுக்கு இடம் கிடைத்தது.

இந்தப் பேருந்தில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. நாம் பென்டிரைவில் ஒரு கோப்பைப் பிரதி எடுக்கும்போது, வழியில் ஒரு பொதி பழுதானால் கணினி அதை மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒலிக்கு அந்தச் சலுகை கிடையாது. நேரம் தவறக்கூடாது என்பதே அங்கு முதல் விதி என்பதால், தவறிய பொதி தவறியதுதான். கணினி வேறு வேலையில் மூழ்கி, ஒலி டிரைவருக்கு உரிய நேரத்தில் முறை கொடுக்காவிட்டாலும் இதே கதிதான். வைஃபை டிரைவர் ஒன்று சரியாக நடந்துகொள்ளாததால் அடுத்த அறையில் இருக்கும் பாடகரின் குரல் அறுபடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சாம்பிள் ரேட்டை உயர்த்த உயர்த்த, டிரைவர் தன் இடைநினைவகத்தை (வரும் ஒலியைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் இடத்தை) காலி செய்ய வேண்டிய கெடு சுருங்குகிறது. 256 அளவுகள் கொள்ளும் இடைநினைவகம் 48 கிலோஹெர்ட்ஸில் 5.3 மில்லிவிநாடி தாங்கும், 192இல் 1.3 மில்லிவிநாடிதான். அந்தப் பத்தொன்பது வெட்டுகளும் பொதி தவறியோ, டிரைவருக்கு உரிய நேரத்தில் முறை கிடைக்காமலோ விழுந்தவை என்பதே என் கணிப்பு. பெட்டியில் போட்ட பெரிய எண்ணைப் பார்த்து வேகத்தைக் கூட்டும் அனுபவமற்ற ஒருவர், தாம் வாங்கிய தரத்தையே தம் கையால் கெடுத்துக்கொள்கிறார்.

2006இல் விதி வந்ததே, பிறகு ஏன் சிக்கல் என்று வாசகர்கள் கேட்கலாம். விதியைக் கணினியின் இயங்குதளமும் ஏற்க வேண்டும். மேக் கணினிகளும் லினக்ஸும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டன. விண்டோஸ் தன் சொந்த டிரைவரைத் தந்தது 2017ஆம் ஆண்டு விண்டோஸ் 10 புதுப்பிப்பில்தான். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் விண்டோஸுக்குத் தனியாக டிரைவர் எழுதியோ, வாங்கியோ கொடுக்க வேண்டியிருந்தது. சென்னையில் வீடுகளிலும் சிறு ஸ்டுடியோக்களிலும் நான் பார்ப்பது பெரும்பாலும் விண்டோஸ் கணினிகளையே. ஆகவே நம்மவர்கள் வாங்கிய கருவிகளின் ஆயுள், அவற்றைச் செய்தவர் எத்தனை நாள் டிரைவர் கொடுக்கிறார் என்பதையே நம்பியிருந்தது.

என் அறையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 2011இல் சேமிப்பைப் போட்டு வாங்கிய எட்டுச் சேனல் கருவி ஒன்று. அதன் மைக் பெருக்கிகளுக்கு இணையானவை இன்றும் எளிதில் கிடைப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் சாப்பு அதில் பதிவாவதுபோல் வேறு எதிலும் எனக்குப் பதிவானதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டதால் விண்டோஸ் 11க்கு மாறினேன். அதிலுள்ள நினைவகப் பாதுகாப்பு அம்சம் அந்தப் பழைய டிரைவரை ஏற்க மறுத்தது. தயாரிப்பாளருக்கு எழுதினேன், அந்த மாடலுக்கு இனி டிரைவர் வெளியிடப்படாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கருவியில் ஒரு ரெசிஸ்டர்கூடப் பழுதாகவில்லை. பாதுகாப்பு அம்சத்தை நிறுத்திவிட்டுப் பயன்படுத்தலாம்தான். வாடிக்கையாளர்களின் பதிவுகளை வைத்திருக்கும் கணினியில் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. பொதுவிதியைப் பின்பற்றிச் செய்யப்பட்டிருந்தால் அந்தக் கருவி இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும்.

இணைப்பு என்று சொன்னேன் அல்லவா, அதிலும் ஒரு பாடம் கற்றேன். லேப்டாப் சார்ஜரை மாட்டியதும் பதிவில் மெல்லிய உறுமல் வந்ததால், ரிச்சி தெருவில், மின்தொடர்பைப் பிரித்துத் தரவைக் கடத்தும் யுஎஸ்பி ஐசோலேட்டர் ஒன்றை வாங்கி நடுவில் பொருத்தினேன். உறுமல் நின்றது. ஆனால் மெனுவில் 192, 176.4 ஆகிய இரண்டு எண்களும் காணாமல் போய், 96 வரைதான் இருந்தது. டிரைவரை நீக்குவதும் மீண்டும் நிறுவுவதுமாக அரை நாள் போனது. கடைசியில் ஐசோலேட்டரைத் திறந்து, உள்ளே இருந்த சிப்பின் எண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடியில் படித்தபோதுதான், அது 12 மெகாபிட் வேகத்துக்கு மேல் கடத்தாது என்று விளங்கியது. விற்றவருக்கும் அது தெரியாது, உறையிலும் எழுதவில்லை. கடையில் கிடைக்கும் சில சார்ஜ் வயர்களில் தரவுக் கம்பியே இல்லாததும் இந்த வகைச் சிக்கல்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, 192 கிலோஹெர்ட்ஸ் உண்மையில் தேவைதானா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பாட்டுக் கேட்பதற்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. மனிதக் காதின் எல்லை இளமையில் 20 கிலோஹெர்ட்ஸ் அளவு, வயது ஏற ஏறக் குறையும். கேட்க வேண்டிய உச்ச அதிர்வெண்ணைவிட இருமடங்குக்கு மேல் அளந்தால் அலையை முழுமையாக மீட்டுவிடலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயரால் வழங்கும் தேற்றம்; 44.1 கிலோஹெர்ட்ஸ் அதற்குப் போதும். பாதுகாப்புப் பதிவு வேறு விஷயம். பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கத்தின் வழிகாட்டி, எந்தப் பழைய பதிவையும் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் மாற்றச் சொல்கிறது; 96 கிலோஹெர்ட்ஸில் பதியும் காப்பகங்களும் உண்டு. இசைத்தட்டுக் கீறலின் வெடிப்பொலிகள் உயர்ந்த வீதத்தில் கூர்மையாகப் பதிவாவதால், பின்னால் அவற்றைக் கண்டுபிடித்து நீக்குவது எளிது. எனவே அந்த அம்மையாரின் தாயார் குரலுக்கு 96 கிலோஹெர்ட்ஸே தாராளம். வெட்டில்லாத, நேர்மையான 48ஆக இருந்திருந்தால்கூட நான் மனநிறைவோடு வாங்கிக்கொண்டிருப்பேன். பெரிய எண் கேட்டவருக்குப் பெரிய எண்ணைக் காட்டிவிட்டு, ஒலியைத் தவறவிட்டதுதான் என்னை வருத்துகிறது.

ஆகவே மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும், 2020இல் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் இந்தப் பொருளைக் கவனிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரமும் தவறாக வழிநடத்தும் விளம்பரமே என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஒலிக் கருவியின் பெட்டியில் சாம்பிள் ரேட்டை அச்சிடுபவர், அது யுஎஸ்பி ஒலிப் பொதுவிதியின் முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா, தனி டிரைவர் இல்லாமல் விண்டோஸிலும் மேக்கிலும் ஆண்ட்ராய்டிலும் எவ்வளவு கிடைக்கும், ஒரே நேரத்தில் பதியவும் ஒலிக்கவும் செய்தால் எவ்வளவு கிடைக்கும் என்பவற்றை அதே பெட்டியில் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். எந்த ஆண்டுவரை டிரைவர் கொடுக்கப்படும் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி பார்த்து வாங்கும் நமக்கு இது புதிய பழக்கம் அல்ல. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியபோது மின்னணுப் பொருள்களையும் அதில் சேர்த்தது. டிரைவரையும் ஓர் உதிரிபாகமாகக் கருதி, தயாரிப்பாளர் கைவிடும் நாளில் அதன் மூலநிரலையோ தொழில்நுட்ப விவரங்களையோ வெளியிடச் செய்தால், என் அறையில் இருப்பதைப்போன்ற கருவிகள் குப்பைக்குப் போகாது.

நூலகங்களும் கோயில்களும் சபாக்களும் பழைய பதிவுகளை மாற்றும் பணியை வெளியாருக்குக் கொடுக்கும்போது, ஒப்பந்தத்தில் கிலோஹெர்ட்ஸை மட்டும் எழுதுவது போதாது. எந்த டிரைவர் முறையில் பதியப்பட்டது என்பதையும் எழுதி வாங்கி, ஒவ்வொரு கோப்பின் அதிர்வெண் வரைபடத்தையும் உடன் கேட்க வேண்டும். அதைத் தயாரிக்க ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதுமானது.

சொந்தமாகக் கருவி வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. நட்டுவாங்கத் தாளம் ஒரு ஜோடி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் சாவிக்கொத்து போதும். நல்ல கண்டென்சர் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் தாளத்தை ஒருமுறை தட்டி, 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். உலோகத்தின் ஒலி நம் காதுக்கு எட்டாத உயரத்துக்கும் போகும். வரைபடத்தில் அந்தத் தட்டு 24 கிலோஹெர்ட்ஸ் கோட்டைத் தாண்டி மேலே தீற்றலாகத் தெரிந்தால் கருவியும் டிரைவரும் சொன்னதைச் செய்கின்றன. கோட்டருகே நறுக்கென்று நின்று, அதற்கு மேல் கறுப்பாக இருந்தால், நடுவில் எதுவோ 48ஆகக் குறைத்துவிட்டது. ஒலி அமைப்புகளையும் டிரைவர் முறையையும் வயரையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

அந்த அம்மையாரின் தம்பி வீட்டில், குரோம்பேட்டையில், நான்கு கேசட்டுகள் தப்பியிருந்தன. சென்ற வாரம் அவற்றை வாங்கி, நாடாவில் படிந்த பூஞ்சையைத் துடைத்து, தாளத்தைத் தட்டிச் சோதித்துவிட்டு, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்து கொடுத்தேன். அவற்றில் மூன்று, முன்பு மாற்றப்பட்ட நாற்பத்தொன்றில் சேராதவை. நான்காவது, அந்த மூன்றாவது கேசட்டின் பிரதி. அறுந்துபோயிருந்த ஆலாபனை அதில் முழுமையாக இருந்தது. ஏற்கெனவே நாடாக்களை மாற்றி வாங்கியிருக்கும் குடும்பத்தினர் கோப்புகளை ஒருமுறை வரைபடத்தில் பார்த்துவிட்டு, தொடக்கம் முதல் முடிவுவரை காதாலும் கேட்டு முடிக்கும் வரையிலாவது அந்தக் கேசட்டுகளைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர் ஒருவர்,
மந்தைவெளி, சென்னை – 28.